ரைன் கவர்ந்த சிற்றாறு

ஐரோப்பாக் கண்டத்தின் படத்தை விரித்து, ஜெர்மனியின் தென்மேற்கு மூலையை உற்று நோக்குவோர், இரண்டு பேராறுகள் ஒன்றையொன்று மிக நெருங்கி வந்து, பின்னர் உறவே இல்லாதவை போல விலகிச் செல்வதைக் காண்பர். ஒன்று ரைன், அது மேற்கேயும் பின் வடக்கேயும் திரும்பி வடகடலைச் சேர்கிறது. மற்றொன்று டான்யூப், அது கிழக்கு நோக்கி ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே கிடப்பது கருங்காடு என்னும் மலைப்பகுதி. பைன் மரங்களும் பிர் மரங்களும் அடர்ந்து, பகலிலும் நிழல் நீங்காதிருப்பதால் ஜெர்மானியர் அதற்கு இட்ட பெயர் அது. அம்மலையில் பிறந்து ஓடும் சிற்றாறு ஒன்றுக்கு வூட்டாக் என்று பெயர்.

வூட்டாக்கின் நீளம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதில் கப்பல் செல்லாது; அதன் கரையில் மாநகரம் எதுவும் இல்லை. ஆயினும், ஓர் ஆறு இன்னோர் ஆற்றின் நீரைக் கவர்ந்துகொள்ளும் நிகழ்ச்சியை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர், இதைவிடத் தெளிவான சான்றைத் தேடிக் காண்பது கடினம். ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த ஆறு டான்யூபைச் சேர்ந்தது. இன்று ரைனைச் சேர்ந்தது. கருங்கடலுக்குச் சென்ற நீர் வடகடலுக்குச் செல்கிறது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆற்றின் போக்கே எடுத்துச் சொல்கிறது.

ஓர் ஆறு, மூன்று பெயர்

கருங்காட்டின் மிக உயர்ந்த முடி ஃபெல்ட்பெர்க். உயரம் 1,493 மீட்டர். அதன் கிழக்குச் சரிவில், கிண்ணம் போன்று குடையப்பட்ட பள்ளத்தில் ஃபெல்ட்சே என்னும் சிறு ஏரி உள்ளது. பனியூழிக் காலத்தில் அங்கே தங்கியிருந்த பனிக்கட்டியே அப்பள்ளத்தைக் குடைந்தது. ஏரியிலிருந்து வழியும் நீர் சீபாக் என்ற பெயருடன் ஓடி டிட்டிசே என்னும் பெரிய ஏரியில் விழுகிறது. டிட்டிசேயும் பனியாற்றின் கைவேலையே. பனியாறு தன் முனையில் கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும் அணைபோல் நின்று நீரைத் தடுத்துவிட்டன. அதன் நீர்மட்டம் கடலுக்கு ஏறத்தாழ 846 மீட்டர் மேலே இருக்கிறது. அந்த ஏரியை விட்டு வெளிவரும்போது ஆறு கூட்டாக் என்று பெயர் பெறுகிறது. நாய்ஸ்டாட் ஊரைத் தாண்டிச் சற்றுக் கீழே, தெற்கிலிருந்து ஹஸ்லாக் என்னும் ஓடை வந்து கூடுகிறது. அக்கூடலுக்குக் கீழேதான் வூட்டாக் என்ற பெயர் தொடங்குகிறது.

இப்பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஆக் என்பது நீரைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லின் எச்சம். இலத்தீன் மொழியின் அக்வா என்ற சொல்லுக்கு இனமானது. அப்பகுதியின் ஓடைகள் பலவற்றின் பெயர் ஹஸ்லாக், கௌகாக், ஐட்ராக் என்று இவ்வாறே முடிகின்றன. கூட் என்பதை நன்மை என்றும், வூட் என்பதைச் சினம் என்றும் கொண்டு, மேலே நல்லாறாக இருப்பது கீழே சீற்றாறாக மாறுகிறது என்று மக்கள் பொருள் சொல்வர். சொல்லாராய்ச்சிக்கு இது முற்றும் உடன்பாடோ அன்றோ, நிலத்தைக் கண்டவர்க்கு அப்பொருள் பொருந்தவே பொருந்தும். டிட்டிசேக்கும் நாய்ஸ்டாட்டுக்கும் இடையே ஆறு அகன்ற, ஆழமில்லாத பள்ளத்தாக்கில் பசும்புல் நிலங்களுக்கிடையே நிதானமாக நடக்கிறது. ஹஸ்லாக் கூடலை நெருங்கியதும் நிலம் திடீரென்று பிளந்தது போலாகி, ஆறு இருண்ட மலையிடுக்கில் பாய்கிறது. மேலே முதிய ஆறு. கீழே இளைய ஆறு. ஒரே ஆற்றுக்கு இரு வயது எப்படி வந்தது என்ற வினா இங்கேயே தோன்றிவிடுகிறது.

சாய்ந்து கிடக்கும் சுவடி

வூட்டாக் மலையிடுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. சில இடங்களில் ஆழம் 150 மீட்டரைத் தாண்டும். கருங்காட்டின் அடியில் உள்ள பாறைகள் மிகப் பழையவை. அவற்றின்மேல் படிந்த பிற்காலப் பாறை அடுக்குகள் கிழக்கும் தென்கிழக்குமாகச் சாய்ந்துள்ளன. ஆறு கிழக்கு நோக்கி ஓடும்போது பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குக்கு வரிசையாக இறங்கிச் செல்கிறது. சாய்த்து வைத்த ஓலைச்சுவடி ஒன்றின் விளிம்பில் விரலை ஓட்டினால் ஒவ்வோர் ஏடாகத் தட்டுப்படுவது போன்றது இது. முதலில் நைஸ் பாறையும் கிரானைட்டும், அடுத்துச் செம்மணற்கல், பின்னர்ச் சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல், அதன் பின் களிமண் அடுக்குகள், கடைசியில் ஜுரா காலத்துப் பாறைகள். ஒரு பகல் நடையில் கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கடந்துவிடலாம்.

பாறை மாறும்தோறும் பள்ளத்தாக்கின் உருவமும் மாறுகிறது. கடினமான கிரானைட்டில் அது குறுகிய சரிவாக, மரம் மூடி நிற்கிறது. சுண்ணாம்புக்கல்லில் இருபுறமும் செங்குத்தான சுவர்கள் எழுகின்றன. களிமண்ணை எட்டியதும் கரைகள் நிற்கமாட்டாமல் சரிந்து விழுந்து, பள்ளத்தாக்கு அகன்றுவிடுகிறது. அங்கே நிலச்சரிவு இன்றும் ஓய்ந்தபாடில்லை.

சுண்ணாம்புக்கல் பகுதியில் ஒரு விந்தை உண்டு. நீரில் கரையும் தன்மையுள்ள அப்பாறையில் வெடிப்புகளும் பொந்துகளும் மிகுதி. மழை குறைந்த காலத்தில் ஆற்று நீரின் பெரும்பகுதி அவ்வெடிப்புகளில் புகுந்து மறைகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தரைக்கடியில் ஓடிய பின், கரைப்பாறையிலிருந்து அதே நீர் குபுகுபுவென்று வெளிப்பட்டு ஆற்றில் விழுகிறது. இந்த மறைவும் வெளிப்பாடும் சிறிய அளவினவே. டான்யூபில் நிகழும் இதே செயல் நாடுகளுக்கிடையே வழக்காக வளர்ந்த கதை பின்னர் வரும்.

முழங்கை வளைவு

இடுக்கினூடே கிழக்கும் வடகிழக்குமாக ஓடிய ஆறு, ஆக்டார்ஃப் என்னும் சிற்றூரருகே முழங்கையை மடக்கியது போலத் திரும்பித் தென்மேற்கே செல்கிறது. ஜெர்மானியர் இதை வூட்டாக்கின் முழங்கால் என்பர். முழங்காலோ முழங்கையோ, இப்படிப்பட்ட வளைவு எங்கே காணப்பட்டாலும் புவியியலார் ஐயுறத் தொடங்குவர். ஆறு தானாக இவ்வாறு திரும்புவது அரிது. எதிரே கடும்பாறை தடுத்து நின்றதா என்று பார்த்தால், இங்கே அதுவும் இல்லை. ஆறு போய்க்கொண்டிருந்த அதே கிழக்குத் திசையில், ஆனால் இன்றைய ஆற்று மட்டத்துக்கு ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கிடையே அகன்ற பள்ளத்தாக்கு ஒன்று திறந்தே கிடக்கிறது. அதன் வாயிலில் இருப்பது புளும்பெர்க் என்ற ஊர்.

இந்தப் புளும்பெர்க் பள்ளத்தாக்குதான் வழக்கின் முதற்சான்று. ஒரு பெரிய ஆறு நீண்ட காலம் ஓடினாலன்றி அவ்வளவு அகலமான பள்ளத்தாக்கு அமையாது. ஆனால் இன்று அதில் ஓடுவதோ ஐட்ராக் என்னும் மெலிந்த ஓடை. தந்தையின் சட்டையை அணிந்த சிறுவன் போல, தனக்குப் பொருந்தாத பள்ளத்தாக்கில் அது நெளிந்து நெளிந்து சென்று, கைசிங்கன் ஊரருகே டான்யூபில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் மேற்கு முனையில் நிலம் சதுப்பாகக் கிடக்கிறது. மழைநீர் கிழக்கே போவதா, மேற்கே போவதா என்று தயங்கி நிற்கும் இடம் அது. கிழக்கே போனால் கருங்கடல். மேற்கே போனால் வடகடல். ஐரோப்பாவின் பெரும் நீர்ப்பிரிமேடு ஒரு சதுப்பு நிலத்தின் நடுவே செல்கிறது என்றால், அம்மேடு இயல்பாக அமைந்ததன்று என்பது விளங்கும்.

இரண்டாவது சான்று பரல்கள். ஐட்ராக் ஓடையைச் சுற்றியுள்ள மலைகள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. ஆனால் அப்பள்ளத்தாக்கின் பழைய ஆற்றுப் படிவுகளில் நைஸ், கிரானைட் ஆகியவற்றின் உருண்டைக் கற்கள் கிடைக்கின்றன. அத்தகைய பாறைக்கு அருகில் தாயகம் கருங்காட்டு மலையேயன்றி வேறில்லை. கல்லுக்குக் கால் இல்லை. ஆறு உருட்டிக்கொண்டு வந்தாலொழிய அது அங்கே வந்திருக்க வழியில்லை. அதே வகைப் பரல்கள், இன்றைய மலையிடுக்கின் விளிம்புக்கு மேலேயுள்ள உயர்நிலங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. இவ்விடங்களை ஒரு கோட்டால் இணைத்தால், ஃபெல்ட்பெர்க்கில் தொடங்கிப் புளும்பெர்க் வழியாக டான்யூபை அடையும் ஓர் ஆற்றின் படுகை கண்முன் எழுகிறது. மறைந்துபோன அவ்வாற்றை அறிஞர் ஃபெல்ட்பெர்க் டான்யூப் என்று அழைக்கின்றனர்.

டான்யூபின் உண்மைத் தலைப்பு எது என்று பிரெக், பிரிகாக் ஆகிய இரு ஓடைகளின் சார்பில் அந்நாட்டு ஊர்கள் நெடுநாள் வாதிட்டு வந்துள்ளன. இரண்டும் டோனவுஎஷிங்கன் நகரருகே கூடி டான்யூப் ஆகின்றன. கருங்காட்டின் தலைமுடியிலிருந்து டான்யூபுக்கு வந்த ஆறு, அவ்வாதங்கள் தொடங்குவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைமாறிவிட்டது என்பது அவ்வாதங்களுக்குச் சிறிது சுவை கூட்டுகிறது.

கவர்ந்த முறை

ஓர் ஆறு இன்னோர் ஆற்றைக் கவர்வதற்கு வலிமை அதன் நீளத்தில் இல்லை, சரிவில் இருக்கிறது. புளும்பெர்க் பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து டான்யூபுக்கு இறங்க வேண்டிய உயரம் நாற்பது மீட்டர் அளவே. அதன் பின்னும் டான்யூப் கருங்கடலை அடைய அரைக் கண்டத்தைக் கடந்தாக வேண்டும். ஆகவே அதற்கு அவசரம் இல்லை. ரைனின் நிலை வேறு. வால்ட்ஸ்ஹூட் அருகே அதன் மட்டம் 310 மீட்டர் அளவுதான். புளும்பெர்க்கிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய 390 மீட்டர் பள்ளம். தொலைவோ மிகக் குறைவு. கருங்காட்டுக்கு மேற்கே பூமியின் மேலோடு பிளந்து தாழ்ந்து உண்டான பெரும் பள்ளத்தில் ரைன் இறங்கிச் செல்வதாலேயே அதற்கு இந்தத் தாழ்ந்த மட்டம் கிடைத்தது.

செங்குத்தாக இறங்கும் ஓடை விரைந்து ஓடும். விரைந்து ஓடும் நீர் ஆழமாக அரிக்கும். அந்த அரிப்பு ஓடையின் அடிப்பகுதியோடு நில்லாமல், அதன் தலைப்பகுதியையும் தின்றுகொண்டே பின்னோக்கி ஏறும். ஓட்டுக்கூரையின் கீழ் மண்சுவரில் மழைநீர் வழிந்து உண்டாக்கும் வெட்டு ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாக மேலே நீள்வதை யாரும் பார்த்திருக்கலாம். ரைனில் கலந்த சிற்றோடை ஒன்று இவ்வாறே தெற்கிலிருந்து மென்மையான களிமண் அடுக்குகளை அரித்துக்கொண்டு வடக்கே ஏறி, ஃபெல்ட்பெர்க் டான்யூபின் கரைக்குப் பின்புறம் வந்து சேர்ந்தது. இடையே எஞ்சியிருந்தது தாழ்ந்த மேடு ஒன்றே.

கடைசி அடியை எடுத்து வைத்தது ஓடையன்று. ஆறே அதைச் செய்துகொண்டது. கடைசிப் பனியூழிக் காலத்தில் ஃபெல்ட்பெர்க் பனியாறுகள் உருகிய நீர், அளவிறந்த கல்லையும் மணலையும் அடித்து வந்து புளும்பெர்க் அருகே படுகையில் நிரப்பிற்று. படுகை உயர உயர நீர்மட்டமும் உயர்ந்தது. ஏதோ ஒரு வெள்ளத்தில் ஆறு தன் கரையைத் தாண்டித் தெற்கே இருந்த ஓடைப் பள்ளத்தில் வழிந்தது. வழிந்த நீர் மண்மேட்டை அறுத்தது; அறுத்த வாய் ஆழமாயிற்று; மீண்டும் பழைய படுகைக்குத் திரும்ப ஆற்றுக்கு வழியில்லாமல் போயிற்று. இது நிகழ்ந்து ஏறத்தாழ 18,000 முதல் 20,000 ஆண்டுகள் ஆயின என்பது கணிப்பு. புவியியலின் காலக்கணக்கில் இது நேற்றைய செய்தி.

அதன் பின் நிகழ்ந்ததே மலையிடுக்கு. புதிய சரிவைப் பெற்ற ஆறு வளைவிலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தன் படுகையை வெட்டிக்கொண்டு சென்றது. இருபதாயிரம் ஆண்டில் 160 மீட்டர் என்று கொண்டால் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் ஆகிறது. ஒரு நெல்மணியின் நீளத்துக்குச் சற்று மேல். அந்த வெட்டு மேலே ஏறி இன்று நாய்ஸ்டாட்டுக்குக் கீழ்வரை வந்திருக்கிறது. அதற்கு மேலே ஆறு இன்னும் டான்யூபுக்காக அமைந்த பழைய, ஆழமில்லாத பள்ளத்தாக்கிலேயே நடக்கிறது. தன் திசை கீழே மாறிவிட்ட செய்தி அங்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மேலே முதுமையும் கீழே இளமையுமாக ஒரே ஆறு தோன்றுவதற்கு விடை இதுவே.

கவர்ச்சி முடிந்துவிடவும் இல்லை. புளும்பெர்க் சதுப்பின் மேற்குப் புறத்து நீரைத் திரட்டிக்கொண்டு ஷ்லைஃபன்பாக் என்னும் ஓடை அருவிகளாக விழுந்து வூட்டாக்கை அடைகிறது. ஒவ்வோர் அருவியும் பின்னோக்கி அரித்து ஐட்ராக்கின் எல்லைக்குள் சிறிது சிறிதாக நுழைந்துகொண்டிருக்கிறது.

மனிதர் புகுந்த கதை

வளைவுக்குக் கீழே வூட்டாக்கின் போக்கைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. உயர்ந்த பாறைச்சுவர்களுக்கிடையே ஓடி, சில இடங்களில் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் மாநிலத்துக்கு எல்லையாகி, ஸ்டூலிங்கன் நகரைத் தாண்டி, டீங்கன் அருகே ரைனில் கலக்கிறது.

அந்த 160 மீட்டர் மட்ட வேறுபாட்டை இராணுவத்தாரும் ஒருமுறை உணர நேர்ந்தது. வால்ட்ஸ்ஹூட்டிலிருந்து கிழக்கே செல்லும் பழைய இருப்புப்பாதை சுவிஸ் நிலத்தின் வழியே செல்வது. போர்க்காலத்தில் நடுநிலை நாட்டினூடே படைகளைக் கொண்டு செல்ல இயலாது. ஆகவே சுவிஸ் நிலத்தைத் தொடாத ஒரு பாதை வூட்டாக் பள்ளத்தாக்கு வழியே அமைக்கப்பட்டு 1890-ல் திறக்கப்பட்டது. கனத்த வண்டிகள் ஏறத்தக்க மென்மையான ஏற்றம் வேண்டும், மலையோ செங்குத்து. வைட்சன் நிலையத்துக்கும் புளும்பெர்க் நிலையத்துக்கும் நேர்த்தொலைவு 9.6 கிலோமீட்டரே, உயர வேறுபாடு 231 மீட்டர். பாதையைச் சுருட்டிச் சுருட்டி ஏறத்தாழ 25 கிலோமீட்டராக நீட்டினர். ஓரிடத்தில் மலைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றும் சுரங்கம் வெட்டினர். ஊரார் அதற்குப் பன்றிவால் பாதை என்று பெயரிட்டனர். 1977 முதல் பழைய நீராவி வண்டிகள் பயணிகளுக்காக அதில் ஓடுகின்றன. அவ்வண்டி ஏறி முடிக்கும் புளும்பெர்க் நிலையம், ஃபெல்ட்பெர்க் டான்யூப் விட்டுச் சென்ற வறண்ட பள்ளத்தாக்கில் நிற்கிறது.

1939-ல் மலையிடுக்கு இயற்கைக் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 1950-களில், மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் திருப்பி ஷ்லுக்சே நீர்மின் நிலையங்களுக்குக் கொண்டு செல்லும் திட்டம் வலுப்பெற்றது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. அழிந்த நகரங்களைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் நீர் போய்விட்டால் இடுக்கு வெறும் பிளவாகிவிடும் என்று எதிர்த்தோர் கூறினர். வன அலுவலரும் எழுத்தாளருமான ஃபிரிட்ஸ் ஹோக்கன்யோஸ் அவர்களுக்கு முன்னின்றார். ஏறத்தாழ 1,85,000 பேர் எதிர்ப்பில் கையொப்பமிட்டனர். 1960-ல் திட்டம் கைவிடப்பட்டது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே வழக்கில் பரவாத நாளில், மலைநாட்டு ஆறு ஒன்றுக்காக இத்தனை பேர் கையெழுத்திட்டது ஜெர்மனியில் இயற்கைக் காப்பு இயக்கத்தின் வரலாற்றில் குறிப்பிடத் தக்க நிகழ்ச்சி.

டான்யூபின் இரண்டாம் இழப்பு

ஃபெல்ட்பெர்க் நீரை இழந்த டான்யூப், கைசிங்கனைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றதும் மீண்டும் இழக்கத் தொடங்குகிறது. இம்மெண்டிங்கன் அருகே அதன் படுகை சுண்ணாம்புக்கல். வூட்டாக் இடுக்கில் சிறிய அளவில் கண்ட மறைவு இங்கே பேரளவில் நிகழ்கிறது. ஆற்று நீர் சுழித்துக்கொண்டு படுகையின் வெடிப்புகளில் இறங்கிவிடுகிறது. படுகை முற்றும் வறண்டதாக முதன்முதலில் குறிக்கப்பட்ட ஆண்டு 1874. இப்பொழுதோ ஆண்டில் பல மாதங்கள் அங்கே டான்யூப் இல்லை. வெண்கற்கள் மட்டுமே கிடக்கின்றன; மக்கள் செருப்புக்கால் நனையாமல் ஆற்றைக் கடக்கின்றனர்.

மறைந்த நீர் எங்கே போகிறது? தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் ஆக் என்னும் ஊர்; அங்கே ஜெர்மனியின் மிகப் பெரிய ஊற்று நொடிக்குச் சராசரி 8,000 லிட்டருக்கு மேல் நீரைப் பொங்கி எழச் செய்கிறது. இரண்டும் ஒன்றே என்று பலரும் ஐயுற்றனர். 1877-ல் அடோல்ஃப் க்னோப் என்னும் அறிஞர் அதனை ஆய்ந்து பார்த்தார். டான்யூப் மறையும் இடத்தில் உப்பையும், வாடை மிக்க பாறை எண்ணெயையும், ஒளிரும் பச்சைச் சாயம் 10 கிலோகிராமையும் கலந்தார். இரண்டரை நாள் அளவில் ஆக் ஊற்று பச்சை நிறமாகப் பொங்கிற்று. நீரில் உப்பும் எண்ணெய் வாடையும் தெரிந்தன. ஐயம் தீர்ந்தது, பகை வளர்ந்தது. டான்யூபின் கீழ்ப்பகுதி வூர்ட்டம்பெர்க் நாட்டுக்கு உரியது. நீர் மறையும் இடமும் ஊற்றும் பாடன் நாட்டுக்கு உரியவை. டுட்லிங்கன் நகரத்தார் வறண்ட படுகையைப் பார்த்து நிற்க, ஊற்று நீரில் பாடனின் ஆலைகள் சுழன்றன. வூர்ட்டம்பெர்க்கும் பிரஷ்யாவும் ஒருபுறமும் பாடன் மறுபுறமுமாக நின்ற வழக்கில் 1927-ல் ஜெர்மானிய அரசுகளின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கை தானே செய்யும் இழப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனிதர் செயலால் அதைக் கூட்டவோ குறைக்கவோ எத்தரப்புக்கும் உரிமையில்லை என்பது அதன் சாரம். அண்டை அரசுகள் ஆற்று நீரைப் பகிர்வது பற்றிய சட்ட நூல்களில் இவ்வழக்கு இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது.

ஆக் ஊற்றிலிருந்து எழும் நீர் சிற்றாறாக ஓடி, ராடால்ஃப்ட்செல் அருகே போடன்சே என்னும் பேரேரியை அடைகிறது. அவ்வேரியின் நீர் ரைனாக வெளிப்பட்டு, ஷாஃப்ஹவுசன் அருகே 23 மீட்டர் அருவியாக வீழ்ந்து, மேற்கே வருகிறது. டீங்கனில் வடக்கிலிருந்து வூட்டாக் வந்து அதனோடு கலக்கிறது. தரைக்கடியில் சென்ற டான்யூப் நீரும், தரைமேல் திசைமாறி வந்த டான்யூப் நீரும் அங்கே ஒன்றுகூடி பாசல் நகரை நோக்கிச் செல்கின்றன.